பென்சிலில் மாற்றிய ஷிப்ட்

சாதிக் அண்ணனின் மனுவை நிர்வாகம் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி செய்வதற்கான காரணத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அவர் இறந்த செய்தி ஒரு புதன்கிழமை காலை வந்தது. துவாக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மைத்துனர் போனில் பேசினார். "தம்பி, மச்சான் மௌத்தாயிட்டாருப்பா. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். கம்பெனில சொல்லிடுங்க." டைம் ஆபீஸில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் டோக்கன் நம்பர் கேட்டார். பெயரைச் சொன்னேன். மறுபடியும் நம்பர்தான் கேட்டார்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்கரைக்காரர். பல வருடங்கள் வளைகுடாவில் பிட்டராக இருந்தவர். அங்கே வெயிலில் நின்று, ஏறிய ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு ஊர் திரும்பினார். எங்கள் வால்வு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தார். செவ்வாயும் சனியும் மாலை மூன்றரை மணிக்கு மன்னார்புரத்தில் ஒரு சென்டரில் அவருக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்த நேரம் தவறினால் வேறு நேரம் கிடையாது. மற்ற எல்லா நேரத்துக்கும் வேறு நோயாளிகள் இருந்தார்கள்.

ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதித்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டில். அதில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருப்பார். சித்திரை மாதம், தகரக் கூரை, பக்கத்தில் அடுப்பு. நாங்கள் செம்பு செம்பாகக் குடிப்போம். "காவிரி ஓடுற ஊர்ல எனக்கு மட்டும் ரேஷன் தண்ணி" என்பார். டீ வந்தால் கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுப்பார். அனுதாபம் காட்டினால் அவருக்குக் கோபம் வரும்.

டயாலிசிஸுக்காக ஊசி குத்தும் இடது கையால் அவர் எடை தூக்கக் கூடாது. வால்வுகளை நாங்கள் தூக்கி மேஜையில் வைப்போம், அவர் அளப்பார். எங்களில் அவரைப் போல அளந்தவர் யாரும் இல்லை. ஒரு முறை பாஸ்கர் சரி பார்த்து அனுப்பிய ஒரு பெட்டியை முழுதாகத் திருப்பி அனுப்பினார். பாஸ்கர் முறைத்துக்கொண்டு வந்து நின்றான். அண்ணன் நிமிரவே இல்லை. "பாஸ்கரு, எனக்குக் கிட்னிதான் போச்சு. உனக்குக் கண்ணு எப்பப்பா போச்சு?" அன்று முழுக்கச் சிரித்தோம். பாஸ்கரும் சிரித்தான்.

எங்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட். ஒரு வாரம் காலை ஆறு முதல் இரண்டு, மறு வாரம் மதியம் இரண்டு முதல் பத்து. மதிய வாரத்தில் அவரால் டயாலிசிஸுக்குப் போக முடியாது. இதை நிர்வாகத்திடம் சொல்லாமல் நாங்களே சரி செய்தோம். அந்த வாரம் செவ்வாயும் சனியும் பாஸ்கர், அந்தோணி, முருகேசன், நான் என்று யாராவது ஒருவர் அவருடைய மதிய ஷிப்டைப் பார்ப்போம்; அவர் எங்கள் காலை ஷிப்டைப் பார்ப்பார். சூப்பர்வைசர் கோபால் சார் தன் பாக்கெட் நோட்டில் இதைப் பென்சிலில் குறித்துக்கொள்வார். வாரக் கடைசியில் அழித்துவிடுவார். பதிவேட்டில் பேனாவால் எழுதுவது பழைய அட்டவணைப்படியே இருக்கும். இப்படி இரண்டு வருடம். எங்களைப் பற்றி எங்களுக்கே பெருமையாக இருந்தது. ஒரு நோயாளியை ஆபீசுக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறோமாம்.

பிறகு முகத்தைக் காட்டிப் பதியும் மெஷின் வந்தது. அட்டவணையில் பெயர் இல்லாத ஷிப்டில் போய் நின்றால் கதவு திறக்காது. கோபால் சாரின் பென்சிலுக்கு வேலை போய்விட்டது. அண்ணன் முதல் முறையாக மனு எழுதினார். டாக்டர் சீட்டு, சென்டரின் கடிதம் எல்லாம் இணைத்து, தனக்கு நிரந்தரமாகக் காலை ஷிப்ட் கொடுக்கும்படி கேட்டார். அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

பர்சனல் மேனேஜர் எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டைத் திருப்பி வைத்தார். இரண்டு வருடமாக இவர் மதிய ஷிப்ட் பார்த்திருக்கிறார், ஒரு செவ்வாய்கூட விடவில்லை, இப்போது மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "யாராவது இவருக்குப் பதிலா பார்த்தீங்களா? பார்த்திருந்தா சொல்லுங்க. அது பொய்ப் பதிவு. என்ன நடவடிக்கைன்னு உங்களுக்கே தெரியும்."

கோபால் சார் மேஜையைப் பார்த்தார். பாஸ்கர் இல்லை என்றான். அந்தோணியும் முருகேசனும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். என் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"நானேதான் பார்த்தேன் சார்."

நான் அப்போதும் பேசியிருக்கலாம். பேசவில்லை.

வெளியே வந்த பிறகு அவர் யாரையும் திட்டவில்லை. வழக்கம்போல என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். பாதி வழியில், மூச்சு வாங்க, ஒரு புளிய மரத்தடியில் நின்றார். "நீ சொல்லியிருந்தா உன் வேலையும் போயிருக்கும் தம்பி. எனக்குப் புரியுது. ஆனா ஒருநாள் சொல்லிடு. எனக்காக இல்ல. எழுத்துல இல்லாத சீக்கு இங்க சீக்கே இல்லப்பா."

அதற்குப் பிறகு மதிய வாரங்களில் விடுப்பு எடுத்துப் போனார். விடுப்பு தீர்ந்தது. ஒரு சனிக்கிழமை போகவில்லை. அடுத்த மதிய வாரம் இரண்டு நாளும் போகவில்லை. கால் வீங்கி ஷூ நுழையவில்லை என்று செருப்போடு வந்தார். பாதுகாப்பு விதிப்படி செருப்போடு உள்ளே விட மாட்டோம் என்று கேட்டில் நிறுத்தினார்கள். எங்கள் கம்பெனி ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றியதை அன்றுதான் பார்த்தேன். அதற்கு மூன்றாம் நாள்தான் அந்தப் புதன்கிழமை.

கபர்ஸ்தானில் நாங்கள் ஓரமாக நின்றோம். அவருடைய மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க எல்லாரும் ரெண்டு வருஷம் அவரைப் பார்த்துக்கிட்டீங்கன்னு வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார் என்றார். கடைசியில் நாங்கள் செய்ததை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்குக் காலை வாரமென்றால் எல்லா நாளும் காலைதான். செவ்வாய் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுகிறேன். செய்ய ஒன்றும் இல்லை. பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் என் அறைக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றரை ஆகிறது. ஏழரை ஆகிறது. கோபால் சாரும் ஸ்ரீரங்கம்தான், அதே பஸ்தான். முன்பெல்லாம் எனக்கு இடம் பிடித்து வைப்பார். இப்போது நான் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஒருநாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விடுப்பா. எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார்.

லேத் பிரிவில் ஒருவருக்குப் போன மாதம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்குச் சொல்லவில்லை. அவர் தூக்க வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கிக் கொடுக்கிறார்கள். ரொம்ப நல்லவர்கள். நாங்களும் நல்லவர்களாகத்தான் இருந்தோம்.

சாதிக் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் மரத்தடியில் சொன்ன அந்த வாக்கியம்தான். அதன்படி எழுதிவிட்டேன். எந்தெந்தத் தேதியில் அவருக்குப் பதிலாக நான் நின்றேன் என்று நினைவிருந்தவரை எழுதி, அவருடைய மனு உண்மை என்றும், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நிரந்தர ஷிப்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டு, கையெழுத்திட்டிருக்கிறேன். ஒரே ஒரு கையெழுத்தோடு போனால் என்னைப் பொய்யன் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். போன வாரம் கேன்டீனில் அதை உங்கள் நடுவில் வைத்தேன். சாப்பிட்டு முடித்து எழுந்து போனீர்கள்.

பாஸ்கர், அந்தோணி, முருகேசன், கோபால் சார். கையெழுத்துப் போடுங்கள்.