கயிறு பிடிக்க ஆளில்லாத துறை

ஹெரன் ஏரியில் மிதவை விமானம் எது வந்து இறங்கினாலும் மரத்துறையில் முதலில் நீளும் கை இர்யா லாட்டோனெனுடையதாகத்தான் இருக்கும். ஒன்டாரியோவின் வடமேற்கு மூலையில், தார்ச்சாலை முடிந்துபோகும் ஊர் அது. அதற்கு அப்பால் எங்கே போனாலும் விமானம்தான். காலையில் விமானத்தின் அடியிலுள்ள மிதவைகளில் கசிந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைப்பாள், எண்ணெய் ஊற்றுவாள், உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து ஐஸ் பெட்டி வரை ஏற்றிக் கட்டுவாள். விமானம் திரும்பி வரும்போது இறக்கையில் தொங்கும் கயிற்றை எட்டிப் பிடித்து, தண்ணீரில் நழுவிக்கொண்டிருப்பதை அலுங்காமல் கரையோடு அணைப்பாள். இந்த வேலையில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். அடக்கம் என்கிற வஸ்து அவளிடம் கொஞ்சம் குறைவு.

ஓட்டவும் வேண்டும் என்பது பழைய ஆசை. ஏரி உறைந்து வேலை நின்றுபோகும் குளிர்காலங்களில் பக்கத்து நகரத்துக்குப் போய், சக்கர விமானத்துக்கான உரிமங்களை ஒவ்வொன்றாக வாங்கி முடித்துவிட்டாள். நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரில் இறங்கவும், காட்டுக்குள் போய்வரவும் கற்பது ஒன்றுதான் பாக்கி.

முதலாளி டூகல் பிரென்டிஸ் யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்.

"இந்த ஒரு கோடை உனக்கு லீவு. என் வேலை நாறிப்போகும், பரவாயில்ல. உருப்படியா கத்துட்டு வந்தா சின்ன விமானம் உன்னோடது. அரைகுறையா வந்தேன்னு வை, அப்புறம் காலம் பூரா மூட்டைதான். மறுபடி என்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் மொதலாளி. நீங்க மூட்டை தூக்க வேற ஆளைத் தேடி வச்சுக்கங்க."

ஆக, விமானப் பள்ளியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போச்சு. இர்யா நேரில் போய்ப் பார்க்கக் கிளம்பினாள். அவள் கணவன் டௌனோ வழிக்கு ஏலக்காய் ரொட்டி கட்டிக் கொடுத்தான். "பொண்ணு பாக்கப் போற மாதிரி போற. பஜ்ஜி நல்லா இருக்குன்னு சம்பந்தம் பேசிட்டு வந்துடாத," என்றான்.

முதலில் பார்த்த பள்ளியில் சம்பந்தம் பேச இருந்தாள் என்பதுதான் உண்மை. தெற்கே, பெரிய ஏரிக் கரையில், கண்ணாடிக் கட்டடம். புத்தம்புது விமானங்கள். நல்ல காப்பி. மேலாளர் சட்டை மடிப்புக் கலையாமல் சுற்றிக் காட்டினார். துறையில் ஒரே நிறச் சட்டை போட்ட இரண்டு பேர் நின்று, வரும் விமானத்தை எல்லாம் பூப்போலப் பிடித்துக் கட்டினார்கள். மாணவர்கள் கல்யாணக் காரிலிருந்து இறங்குகிறவர்கள் மாதிரி இறங்கி வந்தார்கள். கயிறு பிடித்த விதத்தை இர்யா தொழில்காரியின் கண்ணோடு பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது. இன்னொரு பள்ளியையும் பார்ப்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கையெழுத்துப் போடாமல் வந்தாள்.

அந்த இன்னொன்றைப் பள்ளி என்று சொல்லவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒரு தகரக் கொட்டகை, சாயம் போன ஒரு பழைய விமானம், ஒரு மரத்துறை. நடத்துகிறவள் மிரேய் கெனெட். இர்யாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். இர்யா போன நேரம் கொட்டகையில் ஒருவரும் இல்லை. விமானம் தண்ணீரில் துறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்றோ கரையிலிருந்து ஏரிப் பக்கம் தள்ளியது. எஞ்சின் நின்றதும் விமானம் தயங்கியது. துறைக்கு ஒரு ஆள் தூரத்தில் நின்று, பின்னால் நழுவ ஆரம்பித்தது. பிடிக்க ஒரு நாதியில்லை.

இர்யா யோசிக்கவே இல்லை. ஓடினாள், எக்கினாள், இறக்கைக் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்து, கண் மூடித் திறப்பதற்குள் கட்டியும் விட்டாள். நன்றி சொல்வார்கள் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள்.

மிரேய் மிதவை மேல் இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யாரு அக்கா உங்கள புடிக்கச் சொன்னது?"

"விட்டா ஏரிக்குள்ள போயிருக்குமே."

"போகட்டும். அதுக்குத்தான் காலைலேர்ந்து சுத்திட்டு இருக்கோம். நீங்க வந்து அந்த மனுஷனோட பாடத்தைப் புடுங்கிட்டீங்க. கயித்தை அவுத்து விடுங்க."

ஓட்டுநர் இருக்கையில் இருந்த மாணவர் ஒரு பல் டாக்டர். பெரிய உடம்பு, வியர்த்து ஊற்றியது. இர்யாவை அவர் பார்த்த பார்வையில் கருணை துளியும் இல்லை. இர்யா தன் கையால் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்து, விமானத்தைத் தள்ளிவிட்டாள். இப்படி ஒரு காரியத்தை அவள் ஆயுளில் செய்ததில்லை. காது சூடேறியது.

மிரேய் கரையிலேயே நின்றுகொண்டாள். டாக்டர் தனியாகச் சுற்றி வந்தார். முதல் தடவை எட்டவில்லை. அடுத்த தடவை கையில் துடுப்பை எடுத்தும் எட்டவில்லை. இர்யாவின் கை துறுதுறுத்தது. கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். மறுபடி வந்தபோது டாக்டர் எஞ்சினைக் கொஞ்சம் தாமதித்து நிறுத்தினார், கதவைத் திறந்து மிதவையில் இறங்கினார், கயிற்றோடு துறைக்குத் தாவினார். ஒரு கால் முழங்கால் வரை தண்ணீரில் போனது. கயிறு மட்டும் கையில் இருந்தது. மனுஷன் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

"வடக்க காட்டு ஏரியில யாரு அக்கா நின்னு புடிப்பாங்க?" என்றாள் மிரேய். கோபம் இறங்கியிருந்தது.

இர்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெரன் ஏரியிலிருந்து அவள் ஏற்றி அனுப்பிய ஒவ்வொரு விமானமும், இர்யா என்று ஒருத்தி இல்லாத ஏதோ ஒரு கரையில்தான் போய் நின்றிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பயணத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கூடவே, வந்த இடம் சரியான இடம் என்ற சந்தோஷமும் இருந்தது.

"என்னைச் சேத்துக்குவீங்களா?"

"துறையில வேலை பாத்த ஆளா? அந்தக் கயிறு புடிச்ச தினுசுலயே தெரிஞ்சுது. உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் கஷ்டம். எப்பவும் ஒரு கை நீளும்னு நம்பிட்டே வருவீங்க."

"அந்த நம்பிக்கைய எடுத்துடுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மிரேய் சொன்னது அப்படியே பலித்தது. முதல் சில வாரங்கள், யாரோ பிடிப்பார்கள் என்கிற இடத்திலேயே இர்யா எஞ்சினை நிறுத்தினாள். டாக்டர் கொட்டகை வாசலில் சாண்ட்விச் தின்றபடி, "யாருக்கு வெயிட் பண்றீங்க மேடம்?" என்று கேட்டுப் பழி தீர்த்துக்கொண்டார். இர்யா எத்தனை முறை தண்ணீரில் விழுந்தாள் என்பதை டௌனோவிடம் கடைசி வரை சொல்லவில்லை. கோடை முடிவதற்குள் பாறைக் கரை, மணல் கரை, நாணல் புதர் எல்லாவற்றிலும் ஒண்டியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தன்னால் முடியும் என்பதில் அவளுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது மிரேய்க்கும் வரவில்லை.

இலை மஞ்சளான பருவத்தில் டூகலிடமிருந்து போன் வந்தது. தெற்கே பழுது பார்க்க விட்டிருந்த சின்ன விமானத்தை அவளே ஓட்டிக்கொண்டு வரட்டும் என்றார்.

அவள் ஹெரன் ஏரியில் இறங்கியபோது காற்று கரையிலிருந்துதான் அடித்தது. டூகல் துறையில் நின்றிருந்தார். பக்கத்தில் டௌனோ. கரையோரச் சாப்பாட்டுக் கடைக்கு வந்திருந்தவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். விமானம் நெருங்கியது, டூகலின் கை தானாக நீண்டது.

இர்யா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "மொதலாளி, கையை எடுங்க."

டூகல் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விமானம் ஒரு முழம் எட்டாமல் நின்று பின்வாங்கியது. கடைப் பக்கமிருந்து யாரோ, "தூண்டில் வேணுமா இர்யா?" என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடி வந்தாள். இந்தத் தடவை சரியாக நிறுத்தி, மிதவையில் நடந்து, கயிற்றோடு துறையில் கால் வைத்தாள். கால் நனையவில்லை.

டூகல் அவள் போட்ட முடிச்சைக் குனிந்து பார்த்தார். பாராட்டுவது அவருக்குப் பழக்கமில்லை.

"காலைல ரெண்டு பீப்பாய் எண்ணெய், வடகோடி முகாமுக்கு. புது ஆள் ஏத்துவான்." ஏரியைப் பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: "அங்க துறையில ஆள் கிடையாது."

"தெரியும்," என்றாள் இர்யா.