வியட்நாம் பாட்டில் ஊருக்குப் போகுது

இன்னிக்கு எங்க பாகூர் வூட்டு ஹால்ல ரெண்டு நாட்டு ஆபீசருங்க!

டீப்பாய் மேல வெள்ளைத் துணி. அதுமேல தாத்தாவோட அலுமினிய தண்ணி பாட்டில். (நேத்து வரைக்கும் கிச்சன்ல எண்ணெய் டின் பக்கத்துல கெடந்தது!)

போன வருஷம் ஒரு போட்டோ போட்டேனே, ஞாபகம் இருக்கா? எங்க ஊரு பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்போ, எங்க தாத்தா அவங்க பட்டாளத்துல சேர்ந்து வியட்நாம் சண்டைக்குப் போனவர். அங்கேர்ந்து கொண்டாந்த பாட்டில். அடியில யாரோ ஆணியால கீறி வச்ச ஒரு பேரு, ஒரு ஊரு. "இது யாரோடதுன்னு யாருக்காவது தெரியுமா?"ன்னு சும்மாதான் கேட்டேன்.

நீங்க ஷேர் பண்ணீங்க. அது எங்கெங்கயோ சுத்தி, வியட்நாம்ல அந்தப் பேருக்காரரோட பொண்ணு கண்ணுலயே பட்டுடுச்சு!

அந்தம்மாவுக்கு இப்போ எழுபத்தஞ்சுக்கு மேல. அவங்க அப்பா அந்தச் சண்டையில எதிர்ப்பக்கம் நின்னு செத்துட்டாரு. ஒடம்பும் வரல, ஒரு சட்டைகூட வரல.

உண்மையச் சொல்றேன், குடுக்கப்போறோம்னு தெரிஞ்சதும் எனக்கு அழுகையா வந்துச்சு.

அந்த பாட்டில் கூடவே வளந்தவ நான். அப்பா கரும்பு வெட்டுக்குப் போனா தோள்ல அதுதான் தொங்கும். ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, அருவாளோட அதுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஆறாவது படிக்கிறப்போ திருட்டுத்தனமா ஸ்கூல் டூருக்கு எடுத்துட்டுப் போயி, அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அதுல தண்ணி குடிச்சா ஒரு தகர வாசனை வரும் பாருங்க... இப்போ நெனச்சாலும் நாக்குல நிக்குது.

ஆனா அப்பாவுக்கு வேற கவலை. ஒரு வாரமா தூக்கமே இல்ல.

"அந்தம்மா கேட்டா இன்னாடி சொல்றது? உங்கப்பன்தான் எங்கப்பன சுட்டானான்னு கேட்டா?"

"தாத்தா எதுவும் சொல்லலியாப்பா?"

"அவரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேக்க பயம்."

இதுல நம்ம நாட்டு ஆபீசர் முந்தாநேத்தே வந்து ரிகர்சல் வேற! "மன்னிப்புங்கற வார்த்தையே வரக்கூடாது சார். ரெண்டு நாட்டு விஷயம். 'நல்லெண்ணத்தோட ஒப்படைக்கிறோம்', அவ்ளோதான்."

அப்பா அத மனப்பாடம் பண்ணாரு. (பத்தாவது பரிச்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டாரு!)

அந்தம்மா வந்தாங்க. சின்ன உருவம், முழுசா நரைச்ச முடி. கூட வந்த பொண்ணு அவங்க பேசறத இங்கிலீஷ்ல சொல்லும், நான் அப்பாவுக்குத் தமிழ்ல சொல்லணும்.

அப்பா ரெண்டு கையாலயும் பாட்டிலக் குடுத்தாரு. படிச்ச டயலாக் சுத்தமா மறந்துபோச்சு.

வாங்கின அந்தம்மா லேசா ஆட்டிப் பாத்தாங்க.

சளக்!

நம்ம ஆபீசருக்கு மூஞ்சி வெளுத்துடுச்சு. "உள்ள என்ன சார் இருக்கு?"

கிச்சன் வாசல்லேர்ந்து எங்கம்மா: "தண்ணி சார். எங்க வூட்டு போர்வெல் தண்ணிதான்."

"பேப்பர்ல காலி பாட்டில்னு எழுதியிருக்கும்மா!"

"அது உங்க பேப்பரு. ஒருத்தர் வூட்டுப் பாத்திரத்த வெறுமையா எப்படி சார் திருப்பிக் குடுக்கறது?"

(பக்கத்து வூட்டு கிண்ணத்தையே ஒரு புடி சர்க்கரை போடாம அனுப்பாத பொம்பள. நான்தான் உஷாரா இருந்திருக்கணும்!)

அம்மா சொன்னத அந்தப் பொண்ணு அவங்க பாஷையில சொல்லுச்சு. அந்தம்மா சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல. பாட்டிலப் பாத்துக்கிட்டே ஒன்னு கேட்டாங்க.

"உங்க அப்பா இத எடுத்தப்போ, இதுல தண்ணி இருந்துச்சா?"

நான் தமிழ்ல சொன்னதும் அப்பா சொல்ல ஆரம்பிச்சாரு.

"இருந்துச்சும்மா. பாதி பாட்டில். அது ஒன்னு மட்டும் அவரே சொல்லுவாரு. ரெண்டு நாளா தண்ணியில்லாமக் கெடந்தாராம். அதக் குடிச்சுதான் பொழச்சாராம். மன்னிச்சிடுங்கம்மா."

சொல்லிட்டாரு! ஆபீசர் கண்ண மூடிக்கிட்டாரு.

அந்தம்மா அழுதாங்க. அழுதுகிட்டே சொன்னாங்க. "எங்க அம்மா சாகற வரைக்கும் ஒன்னேதான் கேட்டுட்டிருந்தாங்க, அவரு தாகத்தோட செத்தாரான்னு. தண்ணி இருந்திருக்கு. அப்போ தாகத்தோட போகல."

அப்புறம் மூடியத் தொறந்து ஒரு வாய் குடிச்சாங்க. அப்பாகிட்ட நீட்டினாங்க. அவரும் குடிச்சாரு.

கெளம்பறப்போ, கார்கிட்ட, அப்பாவால அடக்க முடியல.

"ஏம்மா, யாரு சுட்டாங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

அந்தம்மா அப்பா கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"கேட்டிருந்தா, உங்க வூட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்கியிருக்காதுப்பா."