கோவிந்தனின் தெத்துப்பல்

போன செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து கேமராத் துணியை உதறிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தாள். கூடவே அவளுடைய அண்ணன். முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு போட்டோவை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள்.

"இது யாருங்க ஐயா?"

நான் எடுத்த படம்தான். அட்டையில் என் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதே! கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னேன். "கரிக்கலாம்பாக்கம் கோவிந்தன். கரும்பு போடறவரு. நாலு மாசம் முன்னால வந்து எடுத்துக்கினு போனாரே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா இது அவரு இல்லீங்க."

அண்ணன்காரர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். இவள் பெயர் பச்சையம்மாள், கோவிந்தனின் மனைவி. போன மாதம் அந்தத் தெருவில் வாந்திபேதி வந்தது. முதல் நாள் இவள் படுத்தாள். மறுநாள் கோவிந்தன் படுத்தார். இவள் பிழைத்துக்கொண்டாள்.

"எனக்கு நெனப்பே இல்லீங்க," என்றாள் பச்சையம்மாள். "கண்ணு முழிச்சப்ப வூட்டுல அவரு இல்ல. பாயையும் துணியையும் கூட கொளுத்திட்டாங்க. கடைசியா ஒரு தபா மூஞ்சியப் பாக்கல. படம் இருக்குதேன்னு எடுத்துப் பாத்தா… இது வேற யாரோ."

வயிற்றில் அஞ்சு மாசம். அந்தப் பிள்ளைக்கு அப்பன் முகம் என்று காட்ட உலகத்தில் இருப்பது இந்த ஒரு படம்தான்.

வாசக நண்பர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். தை மாதத்தில் இதே பத்தியில் ரீ-டச் வேலையைப் பற்றி ஒரு வாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு, 'எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்' என்று சிலர் கடிதம் கூட எழுதினீர்கள். மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைக்குச் சொல்லப்போகும் பாவத்துக்கு அது தேவைப்படும்.

கண்ணாடி பிளேட்டில் எல்லாமே தலைகீழ். கறுப்பு வெள்ளையாக விழும், வெள்ளை கறுப்பாக விழும். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால், அந்தப் பள்ளத்தின் நிழல் பிளேட்டில் வெளிறிய புள்ளியாக இருக்கும். பென்சிலை ஊசி மாதிரி சீவி, அந்தப் புள்ளியை அடைத்துவிட்டால் தழும்பு மறைந்துவிடும். வெள்ளையாக ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அது பிளேட்டில் கறுப்பு. அதற்குப் பென்சில் உதவாது. கத்தி முனையால் சுரண்ட வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. எத்தனை பேர் மூக்கைச் சுரண்டித் தொலைத்திருப்பேன்! வெயில் விழும் ஜன்னலடியில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க… அப்புறம் ஒரு நாள் கை படிந்துவிட்டது. யார் வந்து உட்கார்ந்தாலும் என் கண்ணுக்கு முகம் தெரியாது. திருத்த வேண்டிய இடம்தான் தெரியும். நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கோவிந்தன் வந்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல். "வாயை மூடுங்க" என்றேன். மூடினார். உதடு பல்லைத் தாண்டி வரவில்லை. "இன்னாங்க பண்றது, அது நம்ம பேச்சக் கேக்காது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் எடுத்தேன்.

தழும்பை எல்லாம் பென்சிலால் அடைத்தேன். பல்லைக் கத்தியால் எடுத்தேன். அவர் கேட்டாரா? கேட்கவில்லை. என்னால் முடியும் என்பதால் எடுத்தேன். படத்தை வாங்கிப் பார்த்தார். "பெரிய மனுசன் மாதிரி இருக்குதுங்க" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு பிரதி போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியிலும் வைத்தேன்.

"இந்தப் பொட்டியில இருக்கறத நானே நாலு தபா பாத்துக்கினு போயிருக்கேன்," என்றார் அண்ணன்காரர். "எங்க மச்சான்னு தெரியலீங்களே!"



பச்சையம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "உள்ளாற ஒரு கண்ணாடி இருக்குமாமே… அதுலயாவது அவரு இருப்பாருங்களா?"

பிளேட்டைத் தேடி எடுத்தேன். பென்சில் வேலையை அழிக்கலாம். பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். துடைத்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அடைத்தது அரை நிமிஷத்தில் பஞ்சில் கறுப்பாக வந்துவிட்டது. பிளேட்டைக் காகிதத்தோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

கழுவி, காயவைத்து அவள் கையில் கொடுக்கும்போது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது.

விரலால் கன்னத்தைத் தடவினாள். "இந்தப் பள்ளம்… ஆமா. இதுவும் ஆமா." மூக்கின் ஓரம் ஒரு தழும்பு. "இது அவருதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் விரல் உதட்டுக்கு வந்தது.

"பல்லு எங்கீங்க?"

பென்சில் போட்டதை எடுத்துவிடலாம். கத்தி எடுத்ததை எங்கே போய்த் தேடுவது? பல் இருந்த இடத்தில் ஒரு மங்கலான கறை. பிளேட்டிலேயே இல்லை அம்மா, நான்தான் சுரண்டிவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"பிரஷ்ஷால வரைஞ்சு குடுத்துடறேம்மா," என்று அவசரமாகச் சொன்னேன். வெள்ளைச் சாயத்தை எடுத்துவிட்டேன். பிரஷ்ஷையும் நனைத்துவிட்டேன். வரையப் போனால்… அந்தப் பல் எப்படி இருந்தது? நீளமா, குட்டையா? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? அந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தவன் நான். எனக்கு ஞாபகம் இல்லை. சுரண்ட வேண்டிய இடம் என்று பார்த்தேனே ஒழிய, பல் என்று பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"எப்படிம்மா இருக்கும்?" என்று அவளையே கேட்டேன்.

அவள் அண்ணனிடம் கையை நீட்டினாள். "சுண்ணாம்பு குடுண்ணா." அவர் மடியில் இருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நகத்தில் ஒரு துளி தொட்டாள். படத்தின் உதட்டில், கறை இருந்த இடத்தில் வைத்து, லேசாக உள்பக்கம் சாய்த்து இழுத்தாள். அவ்வளவுதான். ஒரே இழுப்பு.

கோவிந்தன் சிரித்தார். 'அது நம்ம பேச்சக் கேக்காது' என்று சொன்ன அதே சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். வந்ததிலிருந்து அழாதவள், படத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அண்ணன்காரர் "ஏ பச்சை… போதும்டி, போதும்டி" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

தொழிலைக் கற்றுக்கொள்ளும்போது கை முதலில் வளர்ந்துவிடுகிறது. கண் பின்னால் வருகிறது. சில பேருக்கு வருவதே இல்லை. வருகிற கண்ணுக்கும் யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழ வேண்டியிருக்கிறது. கடிதம் எழுதிய நண்பர்களே, பென்சில் வரைக்கும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அவர்கள் எழுந்தார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டோ காகிதத்தில் நிற்காது. காய்ந்தால் உதிரும். அதன் மேல் ஒரு சொட்டு வார்னிஷ் விட்டால் போதும், பிள்ளை வளர்ந்து பார்க்கிற வரைக்கும் இருக்கும். "ஒரு நிமிஷம் குடும்மா, மேல ஒண்ணு பூசித் தரேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் படத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க ஐயா. இனிமே இதுல உங்க கை படவேணாம்."

அவர்கள் ஏறிப்போன வண்டி கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் திரும்பும்வரை வார்னிஷ் குப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேடும் பள்ளமுமான ரோடு அது… வீடு போய்ச் சேர்வதற்குள் உதிராமல் இருந்தால் சரி.