இரட்டைப் பாட்டுகளை அழித்த சிவசுப்பிரமணியன்

தென்காசியில் சிவசுப்பிரமணியன் அளவுக்குப் பாட்டுச் சேர்த்தவர் யாரும் இல்லை. அவர் அளவுக்குப் பாட்டுக் கேட்காதவரும் யாரும் இல்லை. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம், கச்சேரிப் பதிவு வைத்திருப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போய் நகலெடுத்து வருவார். வீட்டுக் கேசட்டுகளையும் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினார். எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏறி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாகப் படுத்துக்கொண்டன. ஓய்வு பெற்றதும் நிதானமாகக் கேட்பது என்று திட்டம்.

ஓய்வு வந்தது. கூடவே, மகள் சந்தா கட்டிக் கொடுத்த பாட்டுச் செயலியும் வந்தது. எந்த வித்வானைத் தேடினாலும் அதில் இருந்தார். இதில் சிவசுப்பிரமணியனுக்குச் சொல்லமுடியாத மனக்குறை.

"நான் வாசுதேவநல்லூருக்கு மூணு பஸ் மாறிப் போய் வாங்கிட்டு வந்த கச்சேரி. இவன் சும்மா வச்சிருக்கான்" என்றார் மனைவி வித்யாலட்சுமியிடம்.

"அப்ப அதையே கேளுங்க. பீரோல எடமாவது மிஞ்சும்" என்றாள் அவள்.

இந்த மனக்குறைக்கு மருந்து சொன்னவன் கணினிக் கடை அஃப்சல். பாட்டு நூலகம் என்று ஒரு மென்பொருள் இருக்கிறதாம். சொந்த டிஸ்க்கில் உள்ள பாட்டையும் சந்தாவில் வரும் பாட்டையும் ஒரே அலமாரியில் அடுக்கிக் காட்டுமாம். போனில் தொட்டால் ஸ்பீக்கரில் பாடுமாம்.

"எது உங்களோடது, எது அவனோடதுன்னே தெரியாது, அண்ணாச்சி" என்றான்.

"தெரியணும்லா" என்றார் சிவசுப்பிரமணியன்.

அதற்கும் ஓரத்தில் ஓர் அடையாளம் உண்டு என்றதும் வாங்கிவிட்டார். சின்னக் கணினி ஒன்றும் ஸ்பீக்கர்களும் குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் இருந்த அவருடைய குடும்ப வீட்டில் குடியேறின. சீசனுக்குச் சொந்தக்காரர்கள் குளிக்க வந்து தங்கும் வீடு அது. ரசிப்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில்தானே சங்கீதம் இருக்க வேண்டும்.

மென்பொருள் டிஸ்க்கைப் படித்து முடித்ததும் தன் புலமையைக் காட்டத் தொடங்கியது. ஒரு பெரியவரின் தோடி ஆலாபனையை நார்வே நாட்டு மெட்டல் குழு ஒன்றின் கணக்கில் சேர்த்து, மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. காம்போதி ராகம் ஆங்கிலத்தில் அரை டஜன் விதமாக எழுதப்பட்டிருந்ததால் அரை டஜன் ராகமாகப் பிரிந்து கிடந்தது. சிவசுப்பிரமணியனுக்கு வாழ்க்கையில் ஒரு நோக்கம் கிடைத்துவிட்டது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும் வரை பெயர் திருத்துவார். வேலை நடக்கும்போது பாட்டுப் போடக்கூடாது, கவனம் சிதறும்.

மாசியில் தொடங்கியது ஆனியில் முடிந்தது. அலமாரி பளபளவென்றிருந்தது. ஒரே ஒரு உறுத்தல். அநேகமாக எல்லாப் பாட்டுகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன, டிஸ்க்கில் ஒன்று, சந்தாவில் ஒன்று. சந்தாவில் இருந்ததற்கு அட்டைப்படம் அழகாக இருந்தது. அவருடையதற்கு இல்லை. ஒரே வயலுக்கு இரண்டு பட்டா இருக்கலாமா? தம்முடையதை அழித்தார். டிஸ்க் காலியாகக் காலியாக, பேரருவியில் தலை கொடுத்துவிட்டு வந்ததுபோல உடம்பே லேசாக இருந்தது அவருக்கு. சந்தாக்காரனிடம் இல்லாத ஏதோ சில்லறை உருப்படிகள் மட்டும் மிஞ்சின. அஃப்சலிடம் பெருமையாகச் சொன்னார். அவன், "நெட்டு நல்லா இருக்குல்லா, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். தங்கை சண்முகசுந்தரி குடும்பத்தோடு வந்திருந்தாள். வித்யாலட்சுமியின் தம்பி ரவியும் வந்திருந்தான். எல்லாரும் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார, வித்யாலட்சுமி மிளகாய் பஜ்ஜியை அடுக்கிய தட்டை நடுவில் வைத்தாள். சிவசுப்பிரமணியன் நூலகம் என்றால் என்ன என்று ஒரு முன்னுரை ஆற்றினார். பஜ்ஜி தீரும் வரை அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது.

பிறகு போனைத் தொட்டார். வெளியே சாரல் காற்று மரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. எங்கேயோ நெட் கேபிள் அறுந்திருக்க வேண்டும். அலமாரியில் இருந்த பாட்டெல்லாம் சாம்பல் நிறமாக மாறியது. சீசன் கூட்டத்தில் போன் சிக்னலும் நகர மறுத்தது.

"என்னத்தான், மியூட்ல பாடுதாரா?" என்றான் ரவி.

சாம்பலாகாமல் மிஞ்சிய சில்லறை உருப்படிகளில் முதலாவது கண்ணில் பட்டது. 'சுந்தரி கல்யாணம், நாதஸ்வரம்.' தங்கை கல்யாணக் கேசட்டிலிருந்து மாற்றியது. சிவசுப்பிரமணியன் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார், கேட்காமலேதான். அதைத் தொட்டார்.

நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில் கேட்டதெல்லாம் வாளிச் சத்தம். அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டரைப் பந்தி ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்புறம் ஒரு வாலிபக் குரல் தெளிவாகப் பேசியது. "பாண்டியராஜ், அந்த ரவிக்கு மொதப் பந்தில எல போட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்காங்க. சின்னப்பய, அப்புறமாத் திங்கட்டும்."

குரல் சிவசுப்பிரமணியனுடையது.

அவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். போன் சந்தாக்காரனைத் தேடிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவரைக் கவனிக்க நேரமில்லை. அடுத்து வித்யாலட்சுமியின் குரல் வந்தது. "தம்பி எந்திரிச்சுப் போயிட்டான். அவனை ஏன் உக்கார வைக்கல?" வாலிபக் குரல் தயங்கவில்லை. "பாண்டியராஜ் மறந்துட்டான். என்ன ஆளு அவன், மரியாதை தெரியாதவன்."

அன்று சாப்பிடாமல் போன ரவி, ஊரில் பந்தி விசாரிக்கும் பாண்டியராஜோடு இத்தனை வருடமாகப் பேசுவதில்லை. தன் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிக்க வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வந்தான். தெருவில் பாண்டியராஜ் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

"ரொம்பத் தெளிவா இருக்கு, அத்தான்" என்றான் ரவி. "திரும்பப் போடுங்க."

போன் அதற்கு மட்டும் உடனே கீழ்ப்படிந்தது. இரண்டாவது தடவையும் எல்லாரும் சிரத்தையாகக் கேட்டார்கள். "அண்ணன் போட்டு நான் முழுசாக் கேட்டது இது ஒண்ணுதான்" என்றாள் சண்முகசுந்தரி. வித்யாலட்சுமி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிவசுப்பிரமணியன் ரவி பக்கம் திரும்பினார். "சின்ன வயசு, ரவி. நான் என்னத்தக் கண்டேன்" என்றார். ரவி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நேராகப் பாண்டியராஜ் வீட்டுக்குத்தான் போனான். அங்கே இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதாகத் தகவல் வந்தது. எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று சிவசுப்பிரமணியன் யாரிடமும் கேட்கவில்லை. அழித்ததை மீட்டுத் தரச் சொல்லி டிஸ்க்கை அஃப்சலிடம் கொண்டுபோனார். பாட்டுகள் முக்கால்வாசி திரும்பி வந்தன. பெயர் ஒன்றுகூட வரவில்லை.

வித்யாலட்சுமி அவரோடு பேசத் தொடங்க ஆவணி ஆனது. ரவி தீபாவளிக்கு வந்தான். கையில் ஒரு பை நிறையப் பழைய கேசட்டுகள், அவன் கல்யாணத்தில் பதிந்தவை.

"இதையும் உங்க நூலகத்துல ஏத்துங்க, அத்தான்."

சிவசுப்பிரமணியன் முகமெல்லாம் மலர்ந்து கையை நீட்டினார்.

"ஆனா தனியா உக்காந்து ஒரு தடவை நான் கேட்டுக்கிடுதேன். அப்புறம் தாரேன்" என்று ரவி பையை மடியில் வைத்துக்கொண்டான்.