எண்ணெய்க் குளியலும் சத்தமில்லாத வண்டியும்

தென்காசியில் வேலை முடிந்து எலெக்ட்ரிக் பைக்கில் குற்றாலம் திரும்புவதற்குள், பஸ் ஹாரன் கேட்டே பாதி உயிர் போய்விடும். அதனால் நான் ஹாரனே அடிப்பதில்லை. சத்தமில்லாத வண்டியில் சத்தமில்லாத மகான்!

அன்று சாரல். அருவிக்குக் குளிக்கப் போன ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெயோடு, கண்ணை இறுக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். பிரேக் பிடித்தேன். அவர் தப்பினார், நான் விழுந்தேன்.

"கண்ணுல எண்ணெய் இறங்கிட்டு. காதை நம்பித்தான கடக்கேன்? ஒரு ஹாரன் அடிச்சா என்னவே?"

"தொந்தரவு வேண்டாம்னுதான், அண்ணாச்சி."

"நல்ல மரியாதைவே!" என்று தூக்கினார். எண்ணெய்க் கை வழுக்கி மறுபடியும் விழுந்தேன். இருவரும் சிரித்தோம். சாலையைக் கடக்கும்வரை அவர் என் தோளை விடவில்லை.

இப்போதெல்லாம் மெதுவாக ஹாரன் அடிக்கிறேன். யாராவது திரும்பி முறைத்தால் நிம்மதியாக இருக்கிறது.