கானின் வாசலில் காத்திருந்த சிற்றரசன்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பத்மநாதன், மழைக்கு ஒதுங்கிய நூலகத்தில்தான் வசீல்கோவைக் கண்டுபிடித்தார். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ரஷ்யக் காட்டுக்குள் ஒரு சிற்றூரை ஆண்டவன். தடித்த ஆங்கிலப் புத்தகம் அவனுக்கு ஒதுக்கியது அடிக்குறிப்பில் நாலு வரி. ஆறு வருஷம் தேடித் துருவி, பத்மநாதன் அதைத் தமிழில் இருநூறு பக்கமாக்கினார். எழுதுவதற்கு எங்கட ஆக்களில் ஒருத்தரும் கிடைக்கவில்லையோ என்று மனைவி துசியந்தி கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வசீல்கோவின் பாடு இதுதான். தகப்பன் ஆண்ட ஊரைத் தான் ஆள்வதற்கு மங்கோலியக் கானிடம் பட்டயம் வாங்கவேண்டும். மிருகத்தோல்களைப் படகில் ஏற்றிப் போனான். தீட்டுக் கழிய இரண்டு நெருப்புக்கு நடுவே நடக்கச் சொன்னார்கள், நடந்தான். கூடார வாசலில் எட்டு மாதம் கிடந்தான். முழங்காலில் நின்று பட்டயம் வாங்கித் திரும்பினால், பெரியப்பன் மகன் அதே ஊருக்கு வேறொரு பட்டயத்தோடு அரண்மனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுபடி போனான். நாலாவது பயணத்தில், வழியிலேயே காய்ச்சலில் செத்தான். இத்தனைக்கும் சொந்த ஊர்ச் சனத்தோடு அவன் குதிரையை விட்டு இறங்கிப் பேசியதே இல்லை.

வெளியீட்டு விழாவில் பத்மநாதன் இந்தப் பகுதியை வாசித்தார். முன்வரிசையில் ஊர்ச்சங்கத் தலைவர் விஜயரத்தினம். சங்கத்துக்கு ஒரு மண்டபம் கேட்டு வருஷாவருஷம் கவுன்சிலர்மாரின் வாசலில் பலகாரத் தட்டோடு நிற்பவர். சங்க உறுப்பினர் யார் வந்தாலும் கதிரையை விட்டு அசையாதவர். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஏனென்று பத்மநாதனுக்கு விளங்கவில்லை.

விஜயரத்தினம் எழுந்தார். "நான் ஆரிட்டையும் முழங்காலிலை நிண்டதில்லை."

"அண்ணை, இது செத்துப்போன ரஷ்யாக்காரன்."

"நீர் ஆரை எழுதினீர் எண்டு எனக்கு விளங்கும்."

தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கதிரையிலேயே போட்டுவிட்டு அவர் வெளியேறினார். அடுத்த கிழமை, பத்மநாதனைச் சங்கத்திலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. அதே கிழமை மோர்டனிலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் புத்தகம் கேட்டு ஓயாமல் போன் வந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: தலைவரைப் பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பத்மநாதன் முதலில் கானில் தொடங்கிப் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். நெருப்பு வரைக்கும்கூட ஒருவரும் காத்திருக்கவில்லை. பத்தாவது போனுக்குப் பிறகு விளக்கத்தை விட்டுவிட்டார்.

"ஐம்பத்திமூண்டு," என்றார்.