எனக்குத் தெரிந்த இரண்டு சொற்கள்

லண்டனில் நான் வேலை செய்த ரயில் பணிமனையில் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவர் ஒரு கோஸ்டா ரிகாக்காரர். மெலிந்த மனிதர். மனைவியை இளவயதிலேயே இழந்தவர். எண்பதுகளின் குளிர்காலங்களில் தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி, பென்சன் வந்ததும் ஊருக்குப் போய்விடுவேன், நீயும் வந்துவிடு என்பார். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அவர் சொன்னபடியே போனார். சில வருடங்கள் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். எனக்கு நெஞ்சில் இழுப்பு; குளிர் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, அங்கே போக முடியாது. அப்போதுதான் நண்பரின் அழைப்பை நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். மனைவியிடம் கேட்டேன் என்று சொல்ல முடியாது, முடிவைச் சொன்னேன். புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் சாமியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடியே நின்றாள். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினோம்.

நண்பர் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. அந்த ஊரில் தெருவுக்குப் பெயர் இல்லை, வீட்டுக்கு இலக்கமும் இல்லை. தேவாலயத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், முன்பு அத்திமரம் நின்ற இடத்துக்கு எதிரே: இதுதான் எங்கள் விலாசம். அந்த மரத்தைத் தறித்து எத்தனையோ காலமாம். நண்பரோடு வசித்த அவருடைய அக்கா என் கன்னத்தில் கன்னம் வைத்து முத்தமிட்டு வரவேற்றபோது நான் மரம்போல நின்றுவிட்டேன். மிச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு நான் பேசியது குப்பைத்தொட்டியைப் பற்றி மட்டும்தான். இங்கேயோ அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, குசினியில் கொதிக்கும் பருப்பை எட்டிப் பார்த்து, ஏதோ கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பாஷை வராமல் திண்டாடிய எனக்கு நண்பர் இரண்டு சொற்களைச் சொல்லித் தந்தார். ‘முய் பியென்.’ மிக நல்லது என்று அர்த்தம். யார் எது சொன்னாலும் சிரித்துக்கொண்டு அதைச் சொல்லு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். உண்மையில் அது எல்லா இடத்திலும் செல்லுபடியானது. ரொட்டிக்கடையிலும் சொன்னேன், பஸ்ஸிலும் சொன்னேன்.

நாங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலை நண்பரின் அக்கா எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். தலை வாரியிருக்கவில்லை. என்னைப் பார்த்து இரண்டு மூன்று சொற்கள் சொன்னார். நான் வழக்கம்போலச் சிரித்து, “முய் பியென்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். திரும்பவும் அதையே சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ தெரியாது, இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டி இன்னும் பலமாக “முய் பியென்” என்றேன்.

என் பின்னால் வந்த மனைவி என்னைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு வெளியே போனாள். அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, “உங்கடை சிநேகிதர் போயிட்டார் போல கிடக்கு. சிரிக்காதேங்கோ” என்றாள்.

என் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதை எப்படி இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

நித்திரையிலேயே உயிர் பிரிந்திருந்தது. அடுத்த நாளே அடக்கம். லண்டனில் ஒரு சாவென்றால் உடலை எடுக்கக் கிழமைக்கணக்காகும். இங்கே நான் அதை நம்பத் தொடங்குமுன் மண் போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு அந்த நாட்டில் இருந்த ஒரே வாய் அவருடையது. அதுவும் போய்விட்டது. இனி இங்கே என்ன வேலை என்று தீர்மானித்து லண்டனிலிருந்த மகனுக்குப் போன் எடுத்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே வாங்கோ அப்பா என்றான். இருவருக்கும் டிக்கெட் போட்டேன்.

அந்த நாட்களில் மனைவி வீட்டில் இருக்கவேயில்லை. செத்த வீட்டில் ஒன்பது நாள் மாலைப் பிரார்த்தனை நடந்தது. எங்கள் ஊரில் செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு போலத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே அந்தக் குசினிக்குள் போய்விட்டாள். வாழையிலையில் சோளமாவைப் பொதிந்து கட்டும் பெண்களுக்கு நடுவே இவளும் கட்டிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பாஷையில் பேசினார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை.

பிரார்த்தனை முடிந்த மறுநாள் சூட்கேஸை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவள் உடுப்பு மடிக்கவில்லை.

“நான் வரேல்லை. நீங்கள் போறதெண்டால் போங்கோ.”

முப்பது வருடத்துக்கு மேலான கலியாணத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“அந்த மனுசி தனிய இருக்கிறா. மிச்சத்திலை நானும் தனியத்தான் இருந்தனான். நீங்கள் ஷிப்டுக்குப் போயிடுவியள், பிள்ளையள் பள்ளிக்கூடம் போயிடுங்கள். கதவைப் பூட்டிப்போட்டு சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். உங்களுக்குத் தெரியாது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, உடுப்பை எடுங்கோ என்பதுபோலச் சொன்னாள். தெரியாது என்பது உண்மைதான். வீட்டில் நான் இல்லாத நேரத்தில் வீடு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிடிவாதத்தில் தனியாகவே லண்டனுக்குப் போனேன். மனோர் பார்க்கில் மகன் வீட்டில் தங்கினேன். மகனும் மருமகளும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருவார்கள். பகல் முழுக்க ஹீட்டருக்குப் பக்கத்தில் நானும் என் இழுப்பும்தான். சேர்ச் ரோட்டு முருகன் கோயிலுக்குப் போனால் எல்லாரும் மனிசி எங்கை என்று கேட்டார்கள். சுகமில்லை என்று பொய் சொன்னேன். ஒருநாள் பொய்யை நிறுத்தி, அவ வரமாட்டாவாம் என்றேன். கேட்டவர் வாயைத் திறந்தபடி நின்றார். மிச்சத்து வீட்டை விற்கும் ஏற்பாட்டை மகனிடம் விட்டுவிட்டு, அந்தக் குளிர்காலம் முடிய கோஸ்டா ரிகாவுக்கே திரும்பினேன்.

விமான நிலையத்துக்கு மனைவி நண்பரின் அக்காவோடு வந்திருந்தாள். லண்டனில் பஸ்ஸில் எந்த இடத்தில் இறங்குவதென்றுகூட என்னைக் கொண்டே கேட்பிக்கும் அவள், வாடகைக் கார்க்காரனோடு ஸ்பானியப் பாஷையில் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தாள். அவன் என் சூட்கேஸைக் கூரையில் கட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் ஏதோ மறுத்தான். இவள் விடவில்லை. கடைசியில் அவன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். நான் கையில் கோட்டை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று, இவள் யார் என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.